ராசிச் சட்டைக்கு ஒரு பரிசோதனை

என் வீட்டுக்காரர் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறார். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது என்று வருடம் முழுக்கத் தொண்டை கிழியப் பாடம் நடத்துகிற மனுஷன். ஆனால் வகுப்பில் ஏதாவது செய்து காட்டவேண்டிய நாள் வந்துவிட்டால், காலையில் ஈரத்தலையோடு வந்து என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "அந்தச் சட்டை காஞ்சுடுச்சா?" என்பதுதான்.

அந்தச் சட்டையைத் தைத்த பாவி நானேதான். நான் டெய்லர். கல்யாணமான புதிதில் ஒருவருக்குக் கோட் தைத்ததில் துணி நிறைய மிஞ்சியது. துருப்பிடித்த இரும்பு நிறம். வேண்டாம் என்று அவரே விட்டுவிட்டுப் போனார். சும்மா கிடக்கிறதே என்று என் வீட்டுக்காரருக்கு ஓர் அரைக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தேன். கோட்டுத் துணியில் சட்டை தைத்தால் எப்படி இருக்கும்? தோளில் தூக்கி நிற்கும், வயிற்றில் மடங்காது, வெயில் நாளில் மனுஷன் உள்ளேயே வெந்துபோவார். ஒருநாள் போட்டுவிட்டுத் தூர எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். அன்றைக்குப் பார்த்து அவருக்கு வேலைக்கான உத்தரவு வந்து தொலைத்தது.

அதிலிருந்து அது ராசிச் சட்டை ஆகிவிட்டது. சைக்கிள் பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதியும் ஒரு சிராய்ப்போடு தப்பித்தாராம், சட்டையால். மகள் பிறந்த அன்றைக்கும் ஆஸ்பத்திரிக்கு அதையே போட்டுக்கொண்டு வந்து, சுகப்பிரசவம் ஆனதற்குச் சட்டையைத் தடவிக் கொடுத்தார். பெற்றது நான், பேர் சட்டைக்கா என்று அந்த வலியிலும் கேட்டேன். வெளியே சொல்லிவிடாதே, அறிவியல் வாத்தியாருக்கு அசிங்கம் என்றார்.

பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பைப்பு சார் என்று பெயர். பிளம்பர் வெட்டிப் போட்ட பிளாஸ்டிக் பைப்புத் துண்டுகளை எங்கே பார்த்தாலும் பொறுக்கிக்கொண்டு வந்து லேப் அலமாரியில் அடுக்கிவைப்பார். அதில் ஒன்றை எடுத்துப் பரபரவென்று தேய்த்தால் மின்சாரம் ஏறும். மெல்லிய பாலித்தீன் பையிலிருந்து வளையம் மாதிரி ஒரு கீற்று வெட்டி, அதையும் தேய்த்து மேலே தூக்கிப் போட்டு, அடியில் பைப்பைக் காட்டினால், வளையம் கீழே விழாமல் அந்தரத்தில் மிதக்கும். இரண்டிலும் ஒரே வகை மின்சாரம் ஏறியிருப்பதால் ஒன்றையொன்று தள்ளுகிறதாம். தேய்ப்பதற்கு லேப்பில் ஒரு கம்பளித் துணி இருந்தது. அதைப் பூச்சி அரித்துப் பல வருடம் ஆகிறது. அன்றிலிருந்து இவர் எல்லாவற்றையும் தன் வயிற்றில்தான் தேய்க்கிறார். மகள் அதே வகுப்பில்தான் படிக்கிறாள். அப்பா எல்லார் முன்னாலும் தொப்பையில் பைப்பைத் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். துருச்சட்டை போட்ட நாளில் வளையம் மிதக்கிறது, மற்ற நாளில் பெரும்பாலும் தொப்பென்று விழுகிறது. வகுப்பே சேர்ந்து அட்டவணை போட்டிருக்கிறது. எதையும் கணக்கெடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தவரையே கணக்கெடுத்துவிட்டார்கள். அவரிடம் கேட்டால், தற்செயல், அறிவியலில் ராசிக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கரும்பலகையை அழித்தாராம்.

ஒருநாள் கடையில் நான் காலர் வெட்டிக்கொண்டிருந்தபோது மகள் வந்து எதிரே உட்கார்ந்தாள். அதே மாதிரி இன்னொரு சட்டை வேண்டும், அப்பாவுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது என்றாள். எந்த நாள் எந்தச் சட்டை என்பது அவருக்கும் தெரியக் கூடாது, அட்டவணை போடுகிற பிள்ளைகளுக்கும் தெரியக் கூடாது. எனக்கு மட்டும்தான் தெரியலாம்.

"நீ காசைச் சுண்டிப் போட்டுப் பாரு. பூ விழுந்தா பழசு, தலை விழுந்தா புதுசு. உன் இஷ்டத்துக்கு எடுத்துக் குடுக்காத. முகத்துல எதையும் காட்டாத."

அந்தக் கடைசி விஷயம்தான் எனக்குக் கஷ்டம். என் முகம் விளம்பரப் பலகை. ஆனாலும் ஒத்துக்கொண்டேன், அந்தச் சட்டை மேல் எனக்கு அவ்வளவு காண்டு.

மிச்சத் துணி பெட்டிக்கு அடியில் கிடந்தது. தைப்பது ஒரு வேலையே இல்லை. பழசாக்குவதுதான் பெரும்பாடு. சலவைப் பவுடரில் ஊறப்போட்டு, வெயிலில் காயப்போட்டு, காலர் விளிம்பைப் பிரஷ்ஷால் தேய்த்துப் பிசிறாக்கி, பாக்கெட்டுக்குக் கீழே அதே இடத்தில் அதே அளவுக்கு இங்க்கைக் கொட்டினேன். பழைய சட்டையில் மூன்றாவது பட்டன் கோணல், ஏதோ சண்டையில் தைத்தது. புதுசிலும் வேண்டுமென்றே கோணலாகத் தைத்தேன். தொழில் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அப்படி ஒரு கேவலமான வேலை நான் செய்ததில்லை. எனக்கு அடையாளத்துக்காக, புதுச் சட்டையின் பாக்கெட்டுக்கு உள்ளே மட்டும் ஒரு வெள்ளை நூலை முடிச்சுப் போட்டு விட்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் கூத்து. செய்து காட்டுகிற நாளெல்லாம் நான் அடுப்படியில் திரும்பி நின்று காசைச் சுண்டுவேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு மனுஷன் கண்ணாடி முன்னால் நின்று, "இதுல ஒரு தெம்பு இருக்கு பாரு" என்பார். நான் சிரிப்பை அடக்குவதற்கு முந்தானையைக் கடித்துக்கொண்டு பாத்திரம் துலக்குவேன். முடிவு என்ன ஆனது தெரியுமா? பழசு போட்ட நாளிலும் வளையம் மிதந்தது, புதுசு போட்ட நாளிலும் மிதந்தது. ராசியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை என்று நானும் மகளும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டோம்.

அந்த நேரத்தில்தான் ஆய்வு அதிகாரி வரப்போகிறார் என்ற செய்தி வந்தது. எந்தப் பள்ளிக்கூடத்தில் லேப் சும்மா கிடக்கிறதோ, அங்கே லேப்பை எடுத்துவிட்டுப் பெரிய டிவி வைத்து, பரிசோதனைகளை அதிலேயே காட்டிவிடலாம் என்று மேலே முடிவெடுத்திருக்கிறார்கள். அதிகாரி ஒரே ஒரு பரிசோதனை பார்ப்பார். அது நடந்தால் லேப் இருக்கும், நடக்காவிட்டால் டிவி. டிவி வேறு முன்கூட்டியே வந்து இறங்கிவிட்டது. பெட்டியைப் பிரிக்காமல் ஆசிரியர் அறையில் படுக்கப்போட்டு, அதன் மேல் வைத்துத்தான் எல்லாரும் மதியம் சாப்பிடுகிறார்கள்.

அந்த லேப் என் வீட்டுக்காரருக்கு இன்னொரு வீடு. புறா எச்சமும் உடைந்த பெஞ்சுமாகக் கிடந்த அறையைத் தானே கழுவி, தானே சுண்ணாம்பு அடித்து, தானே ஒயர் இழுத்து லைட் போட்டவர். அதிகாரி வருவதற்கு முந்தின நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சட்டையைத் துவைத்து வை, நாளைக்கு அதைத்தான் போடவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மகளுக்கு மனசு கேட்கவில்லை. அவர் பயப்படவேண்டாம் என்பதற்காக, அட்டவணையையும் இரண்டு சட்டையையும் அவர் முன்னால் கொண்டுவந்து வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

கத்துவார் என்று நினைத்தேன். அவர் இரண்டு சட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். என் கோணல் பட்டனைத் தடவிப் பார்த்தார். பிறகு அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிற முகத்தோடு படித்தார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க. ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு" என்றார்.

மகள் முகம் சுருங்கிவிட்டது. என்ன ஓட்டை என்றாள்.

"வேற சட்டை போட்ட நாள்லதானே விழுந்துச்சு? அன்னைக்கெல்லாம் ராசிச் சட்டை இல்லையேன்னு நான் பயந்துகிட்டே செஞ்சேன். கை நடுங்குனதால விழுந்திருக்கலாம். இப்பதான் ராசி கிடையாதுன்னு தெரிஞ்சுபோச்சே. பயமில்லாம, சாதாரணச் சட்டையில செஞ்சா மிதக்குதான்னு பார்க்கணும்."

"பார்த்துடலாம்பா. எப்ப?"

"நாளைக்கு."

லேப் போகுமா இருக்குமா என்று இருக்கிற நாளில்தான் ஆராய்ச்சி செய்யவேண்டுமா, நாளைக்கு ஒருநாள் அந்தக் கண்றாவியைப் போட்டுத் தொலைத்தால் என்ன என்று நான்தான் கத்தினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"வருஷம் பூரா பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்தேன்? நஷ்டம் வராத நாளாப் பார்த்து உண்மையைச் சோதிங்கன்னா?"

நல்ல வெள்ளைப் பருத்திச் சட்டையை எடுத்து, அவரே இஸ்திரி போட்டு மாட்டிவைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையிலிருந்து தூறல். அப்பாவும் மகளும் ஒரே குடையில் கிளம்பிப் போனார்கள். நான் கடையைத் திறக்கவில்லை. இரண்டு ராசிச் சட்டையையும் மடித்துத் துணிப்பையில் போட்டு, அதோடு அளவு டேப்பையும் கத்திரியையும் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். எனக்கு ராசியில் நம்பிக்கை கிடையாது. சும்மா ஒரு பாதுகாப்புக்கு. போவதற்குக் காரணமும் இருந்தது. டிவி அறைக்கு இருட்டுத் திரை தைக்க வேண்டும், லேப் ஜன்னலை அளந்துகொண்டு போங்கள் என்று தலைமையாசிரியை போன வாரமே என்னிடம் சொல்லியிருந்தார். வீட்டில் நான் இதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

நான் ஜன்னலோரம் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதிகாரி முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வழுக்கைத் தலை, அந்தப் புழுக்கத்திலும் கழற்றாத கோட்டு. பக்கத்தில் தலைமையாசிரியை, டிவிப் பெட்டியின் சாவி தன்னிடம்தான் இருப்பதுபோல ஒரு முகம். டிவிக்குச் சாவி கிடையாது என்பது வேறு விஷயம்.

என் வீட்டுக்காரர் அழகாக ஆரம்பித்தார். கரும்பலகையில் கொட்டை எழுத்தில் பாடத்தை எழுதிவிட்டு, பைப்பை எடுத்து, வெள்ளைச் சட்டையில் தேய்த்தார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. வளையத்தைத் தூக்கிப் போட்டார். அது நேராகப் போய் அதிகாரியின் ஷூ மேல் விழுந்தது.

இன்னொரு தடவை தேய்த்தார். வயிறு சிவந்திருக்கும், அவ்வளவு தேய்த்தார். வளையம் மறுபடியும் விழுந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைமையாசிரியை என் பக்கம் திரும்பி, அளந்தாயிற்றா என்று கண்ணாலேயே கேட்டார். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கூட்டத்தில் செருப்பு அறுந்துபோன ஆள் மாதிரி, பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

நான் பையைத் திறந்து சட்டையை வெளியே எடுத்துவிட்டேன்.

"என்னங்க" என்றேன்.

அவர் பார்த்தார். ஒரு நிமிடம் கை நீளப் பார்த்தது, அது எனக்குத் தெரியும். பிறகு வேண்டாம் என்று தலையாட்டினார்.

அப்போது என் மகள் எழுந்தாள். பள்ளிக்கூடத்தில் அவரை ஒருநாளும் சார் என்பதைத் தவிர வேறு சொல்லிக் கூப்பிடாதவள்.

"அப்பா, நீங்க போட வேணாம். குடுங்க, நான் தேய்க்கிறேன். உங்க உடம்புல இல்லாதப்பவும் மிதக்குதான்னு பார்ப்போம்."

என் கையிலிருந்த சட்டையை வாங்கிச் சுருட்டிப் பைப்பைத் தேய்த்தாள், வளையத்தைத் தேய்த்தாள், தூக்கிப் போட்டாள். வளையம் விரிந்து, அதிகாரியின் தலைக்கு மேல் அப்படியே நின்றது. பின்பெஞ்சு விசிலடித்தது.

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். இது யாருடைய சட்டை என்று கேட்டார். வகுப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் கதையைச் சொன்னது. பைப்பு சார் என்ற பெயர் உட்பட எல்லாம் வெளியே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப இது ராசின்னு சொல்றீங்களா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார்" என்றது ஒரு பின்பெஞ்சுக் குரல். "இன்னும் தெரியல. அதத்தான் பார்த்துக்கிட்டு இருக்கோம்."

அதிகாரி எழுந்து, பைப்பைக் கொடு என்று கை நீட்டினார்.

அடுத்து நடந்ததைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதிகாரி சட்டையால் தேய்த்தார், மிதந்தது. என் பையிலிருந்த இன்னொரு சட்டையால் தேய்த்தார், அதுவும் மிதந்தது. தன் கைக்குட்டையால் தேய்த்தார், விழுந்தது. மேசை விரிப்பு, தலைமையாசிரியையின் சேலைத் தலைப்பு, பெண்பிள்ளைகளின் எண்ணெய்ப் பின்னல், எல்லாவற்றிலும் தேய்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் சரிவரவில்லை. உங்கள் தலையில் தேய்த்துப் பார்க்கலாமா சார் என்று ஒருத்தி கேட்டே விட்டாள். தலைமையாசிரியைக்கு மயக்கமே வந்திருக்கும். அதிகாரி குனிந்து வழுக்கையைக் காட்டினார். அதிலும் இல்லை. கடைசியில் புழுக்கம் தாங்காமல் கோட்டைக் கழற்றினார், அதையும் விட்டுவைப்பானேன் என்று அதில் தேய்த்தார்கள். வளையம் ஜிவ்வென்று கூரைக்குப் போனது.

"இந்தக் கோட்டுக்கும் அந்தச் சட்டைக்கும் என்ன ஒத்துமை?" என்றார் அதிகாரி.

ரெண்டும் பார்க்க நல்லா இல்லை என்று ஒரு குரல் வந்தது. அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. மகள் மட்டும் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இது என்ன துணி?"

"கோட்டுத் துணிதான். கம்பளி கலந்தது."

வகுப்பே மெதுவாகத் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தது. கம்பளித் துணியால் தேய்க்கும்போது பிளாஸ்டிக் மின்னேற்றம் பெறுகிறது என்று என் வீட்டுக்காரர் கையெழுத்தில், கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. வருடாவருடம் எழுதுகிற வரி. அவர் அதை முதல் தடவை படிப்பதுபோலப் படித்தார். பிறகு பைப்பாலேயே தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"நீ ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே" என்றார் என்னிடம்.

"நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன். எத்தனை வருடக் குடும்பம். அவருக்குக் கம்பளி வேண்டும் என்று தெரியும், எனக்கு அது கம்பளி என்று தெரியும். நடுவில் ராசி வந்து உட்கார்ந்துகொண்டது.

அதிகாரி மறுபடி கோட்டைப் போட்டுக்கொண்டார். விதிப்படி தான் பார்க்கவேண்டியது முதல் பரிசோதனை, அது நடக்கவில்லை, நடக்கவில்லை என்றுதான் எழுதவேண்டும் என்றார். தலைமையாசிரியை எழுந்து நின்றார். ஆனால் அதிகாரி கிளம்பவில்லை. கைக்குட்டையை எடுத்துப் பைப்பில் இன்னொரு தரம் தேய்த்துப் பார்த்தார்.

"பருத்தி சுத்தமா வேலை செய்யாதா, இல்ல இன்னைக்கு மழை ஈரத்தாலதான் செய்யலையா?"

தெரியவில்லை, வெயில் நாளில் செய்து பார்த்தால்தான் சொல்லமுடியும் என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப பரிசோதனை முடியலை. முடியாததைப் பத்தி நான் எப்படி எழுதுறது? மழை விட்டதும் வர்றேன். அதுவரைக்கும் இந்த ரூம்ல யாரும் கை வைக்கக் கூடாது" என்றவர், வாசல்வரை போய்த் திரும்பினார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. இத்தனை வருஷமா நீங்க தேய்ச்சீங்க, பிள்ளைங்க வேடிக்கை பார்த்தாங்க. டிவிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

அது அவருக்கு எங்கே பட்டதோ, அங்கேயே எனக்கும் பட்டது. என் வீட்டுக்காரர் நேரே போய் அலமாரியைத் திறந்து, அத்தனை பைப்புத் துண்டுகளையும் பெஞ்சு பெஞ்சாகக் கொட்டினார். ஆளுக்கொரு பைப்பு வந்துவிட்டது. தேய்க்கத் துணி?

அவர் என்னைப் பார்த்தார். "கத்திரி வச்சிருக்கியா?"

எனக்குக் கை ஓடவில்லை. இதில் எது பழசு என்று பாக்கெட்டுக்குள் விரலை விட்டுத் தேடினேன். இரண்டிலும் வெள்ளை நூல் இல்லை. என் வேலையில் பிசிறு தொங்கினால் பிய்த்துப் போடுகிற பழக்கம் அவருக்கு உண்டு, நேற்று இரண்டையும் புரட்டிப் பார்த்தபோது பிய்த்திருக்கிறார். ஒன்றை மட்டும் வெட்டலாம், பழசை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாம் என்றேன். இத்தனை நாள் அந்தச் சட்டையைக் கரித்துக்கொட்டினவள் சொல்கிற பேச்சா இது? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, என்ன செய்ய.

"ரெண்டையும் வெட்டு" என்றார். சட்டையை விரித்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். அவர் கைதான் அப்போது நடுங்கியது. நான் முதுகிலிருந்து ஆரம்பித்தேன். கோட்டுத் துணி அல்லவா, கத்திரி கரகரவென்று ஓடியது. காலர், கை, பாக்கெட் என்று ஒன்றையும் விடவில்லை. இங்க்குக் கறை பட்ட துண்டுக்கு மட்டும் அடிதடி.

கொஞ்ச நேரத்தில் லேப் முழுக்கத் தேய்க்கிற சத்தம். ஒரு வளையம் எழும்பியது, இன்னொன்று எழும்பியது, சிலது விழுந்தது, ஏன் விழுந்தது என்று ஒரு பெஞ்சில் சண்டை. ஒன்று வாசலிலேயே நின்றுவிட்ட அதிகாரியின் வழுக்கையில் போய் ஒட்டிக்கொண்டது, அவர் அதை எடுக்கக்கூட மறந்துபோய் நின்றார். என் வீட்டுக்காரர் நடுவில் நின்றார். அவர் கையில் பைப்பும் இல்லை, துணியும் இல்லை. செய்து காட்ட அவருக்கு ஒரு வேலையும் மிச்சமில்லை.

என் தோளைத் தொட்டு, "மேல போகுது பாரு" என்றார், வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் பார்க்கிறவர் மாதிரி.